இல்லாத காளை

"அவர் நம்பப் போறதில்ல," என்றாள் ஆல்வினின் மனைவி தெல்மா.

ஆல்வின் செட்ஜ்விக் சமையலறை மேஜையில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, ஆடுகளின் முதுகில் அடையாளம் போடும் சிவப்புச் சாயக்கட்டியால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடிமனாக்கிக்கொண்டிருந்தான்.

'கன்று போட்ட மாடுகள் உள்ளன. தயவுசெய்து உள்ளே வராதீர்கள். வலது பக்கக் கதவு திறந்திருக்கிறது. புல்வயல் வழியாகச் சுற்றிப் போகவும்.'

"தயவுசெய்துன்னு இன்னொரு தடவை போடு," என்றாள் தெல்மா, பன்றிக்கறித் துண்டுகளைச் சட்டியில் புரட்டியபடி. "உன் கையெழுத்துன்னு தெரிஞ்சா ஒரு தடவை பத்தாது."

"புல்வயலத் திறந்து விட்டிருக்கேன். அத விடவா ஒரு தயவு?"

அது உண்மைதான். மே மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் எந்த விவசாயியும் வளரும் புல்வயலுக்குள் கூடப்பிறந்த தங்கையைக்கூடக் கால் வைக்க விடமாட்டான். ஆறு மாதக் குளிர்காலத்துக்கு மாடுகளின் சோறு அதுதான். மாதம் பிறந்ததும் மாடுகளை வெளியே ஓட்டி, கதவைச் சங்கிலி போட்டு மூடிவிடுவார்கள். ஆல்வினும் மூடியிருந்தான். அதனால்தான் அவனுடைய பதினேழு மாடுகளும் கன்றுகளோடு லாங் ரிக் மேய்ச்சலில் நின்றன.

லாங் ரிக்கின் நட்டநடுவே பொது நடைபாதை ஒன்று போகிறது. ஆல்வினின் தாத்தா பிறப்பதற்கு முன்பே வரைபடத்தில் ஏறிவிட்ட வழி. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நிலத்துக்குச் சொந்தக்காரன் கையைப் பிசைந்துகொண்டு பார்க்கலாம், அவ்வளவுதான்.

நேற்று விடியற்காலையில் டச்சஸ் கன்று போட்டிருந்தாள். பழுப்பு நிறம், எழுநூறு கிலோ, மந்தைக்கே மூத்தவள். கன்றைக் கோரைப் புதருக்குள் படுக்கவைத்து மறைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல நாற்பது அடி தள்ளி நின்று மேய்ந்தாள். ஆல்வின் பக்கத்தில் போனபோது தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டாள். இருபத்தைந்து வருடமாக மாடு வளர்க்கிறவன் அவன். அந்த மூச்சுக்கு மேல் ஓரடிகூட வைக்கவில்லை. இரண்டு நாள் போகட்டும், கன்று தாயோடு நடக்கட்டும், பிறகு கொட்டகைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்றால் பாம்ஃப்ரெட் வருவார்.

செட்ரிக் பாம்ஃப்ரெட். எழுபத்தோரு வயது, ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். சிவப்பு மழைக்கோட்டு, கழுத்தில் வரைபட உறை, பக்கத்தில் டாஃபி என்கிற செம்பட்டை ஸ்பானியல் நாய். ஆறு வருடமாக, பனி கொட்டினாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு லாங் ரிக்கைக் கடந்தே தீருவார். நடப்பதற்காக அல்ல. ஆல்வின் பார்க்கவேண்டும் என்பதற்காக.

அதற்குக் காரணம் ஆல்வின்தான்.

ஆறு வருடம் முன்பு, ஆடுகள் குட்டி போடும் காலத்தில், டாஃபி அவிழ்ந்து ஆடுகளை விரட்டியது. ஆல்வின் துப்பாக்கியோடு வந்து நின்றான். "வாத்தியாரே, இன்னொரு தடவ இது அவுந்து திரியறதப் பாத்தேன், கேள்வி கேக்க மாட்டேன். சுட்டுப் போட்டுட்டுத்தான் உங்க வீட்டுக் கதவத் தட்டுவேன். சட்டம் என் பக்கம்." சட்டம் உண்மையிலேயே அவன் பக்கம்தான். பாம்ஃப்ரெட்டின் முகம் வெளுத்துப்போனது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாளே, நடப்பவர்கள் கல்சுவரை ஏறிக் கடக்க வைத்திருக்கும் சுவர்ப்படியில் பலகை அடித்தான்: 'காளை உண்டு. ஜாக்கிரதை.'

காளை கிடையாது. அவன் காளை வளர்த்ததே இல்லை, மாடுகளுக்குச் சினை ஊசிதான். பாம்ஃப்ரெட் மூன்று வாரம் மலையடிவாரம் வழியாகச் சுற்றிப் போனார். நாலாவது வாரம் தொலைநோக்கியோடு வந்து, சுவர்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு மாட்டின் அடிவயிற்றையும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் வந்து பலகையைப் பிடுங்கினார்கள். அந்த வருடம் முழுக்க மதுக்கடையில் ஆல்வின் நுழைந்தாலே யாராவது கேட்பார்கள்: "காளை சௌக்கியமா ஆல்வின்? தீனியே வேண்டாமாமே அதுக்கு."

"பழசெல்லாம் மறந்திருப்பார்," என்றான் ஆல்வின் இப்போது, அட்டையை எடுத்துக்கொண்டு.

"வாத்தியார் மறக்க மாட்டார்," என்றாள் தெல்மா. "நேர்ல போய்ச் சொல்லு. வீட்டுக்குப் போன் பண்ணு."

"நான் போன் பண்ணி அவர்கிட்டக் கெஞ்சணுமா?"

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அட்டையைச் சுவர்ப்படியில் கண் மட்டத்துக்கு இறுக்கிக் கட்டினான். புல்வயல் கதவை விரியத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்து வைத்தான். பிறகு ஓடையின் மறுகரையில் சரிந்து கிடந்த கல்சுவரை எடுத்துக் கட்டப் போனான். அங்கிருந்து லாங் ரிக் முழுவதும் தெரியும். வாத்தியார் சுற்றிப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி.

பத்தேகாலுக்குப் பதினேழு மாடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின.

ஆல்வின் கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். சுவர்ப்படியில் சிவப்புக் கோட்டு. பாம்ஃப்ரெட் அட்டையின் முன்னால் குனிந்து நின்றார். படித்தார். சட்டைப்பையிலிருந்து ஏதோ எடுத்தார். அட்டையில் எழுதினார். பேனாவை மூடி உள்ளே வைத்துக்கொண்டு, நாயைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி, தானும் ஏறி இறங்கினார்.

ஆல்வின் ஓடினான். நாலு சக்கர வண்டி பாலத்துக்கு அந்தப்புறம் நின்றது, அதை எடுக்கப் போனால் சுற்று வழி. நேராக ஓடை வரை ஓடினான். மூன்று நாள் மழையில் ஓடை இடுப்பளவு சுழித்துக்கொண்டு போனது. மறுகரையில் முப்பது கஜத்தில் பாம்ஃப்ரெட் நிதானமாக நடந்து வந்தார்.

"வாத்தியாரே, நில்லுங்க. அட்டையப் படிச்சீங்களா?"

"படிச்சேன் மிஸ்டர் செட்ஜ்விக். எழுத்துப்பிழை இல்ல. முன்னேற்றம்தான்."

"டச்சஸ் நேத்துக் கன்னு போட்டிருக்கா. கன்னு அந்தக் கோரைக்குள்ள படுத்திருக்கு. நீங்க நேரா அதுமேலதான் போறீங்க."

பாம்ஃப்ரெட் கோரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கோரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியாதபடி மறைப்பதுதானே தாய்க்கு வேலை.

"அன்னைக்குக் காளை. இன்னைக்குக் கன்னு. அடுத்த வருஷம் என்ன, சிங்கமா?"

"சத்தியமாச் சொல்றேன். வலது பக்கம் கதவத் திறந்து வச்சிருக்கேன். என் புல்லுலயே மிதிச்சுக்கிட்டுப் போங்க, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"அதுதானே உங்களுக்கு வேணும்?" பாம்ஃப்ரெட் சிரித்தார். வகுப்பில் காப்பியடித்தவனைப் பிடித்த சிரிப்பு. "பாதையவிட்டு ஓரடி தள்ளி வச்சா நான் அத்துமீறி நுழைஞ்சவன். நாலு பேர் அப்படிச் சுத்திப் போனா, 'இந்த வழில யாரும் நடக்கறதே இல்ல'ன்னு கவுன்சில்ல எழுதிக் குடுப்பீங்க. முப்பத்தெட்டு வருஷம் வரைபடம் சொல்லிக் குடுத்தவன்கிட்டயா?"

"சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க. திரும்பிப் போங்க. கால்ல வேணா விழறேன்."

அந்த வார்த்தை பாம்ஃப்ரெட்டை ஒரு கணம் நிறுத்தியது. ஆல்வின் செட்ஜ்விக் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையில்லை அது. அவர் புருவத்தைச் சுருக்கினார். திரும்பியிருப்பார். திரும்பத்தான் போனார் என்று ஆல்வின் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டான்.

அதற்குள் டாஃபிக்குக் கன்றின் வாடை கிடைத்துவிட்டது. கோரையைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தது.

கோரைக்குள்ளிருந்து ஈரக் காதுகளோடு ஒரு சின்னத் தலை எழும்பி, "ம்மா" என்றது.

டச்சஸ் கத்தவில்லை. கத்தும் மாடு பயப்படுகிற மாடு. அவள் தலையைத் தாழ்த்தி, சரிவில் கீழ்நோக்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பதினாறும் திரும்பின. நிலம் அதிர்வது ஓடைக்கு இந்தப்பக்கம் ஆல்வினின் உள்ளங்காலில் தெரிந்தது.

"நாய விடுங்க வாத்தியாரே. வாரை அவுத்து விடுங்க."

மாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. மாட்டுக்கு வேண்டியது நாய்தான், மனிதன் அல்ல. நாயை விட்டால் அது பறந்துவிடும், மாடுகள் அதன் பின்னால் போகும், மனிதன் நடந்து வெளியே வந்துவிடலாம். பிடித்து வைத்திருக்கும்வரை மனிதனும் நாயும் மாட்டுக்கு ஒரே மிருகம்.

பாம்ஃப்ரெட்டின் வலது மணிக்கட்டில் தோல்வார் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ஓடையில் இறங்கிக்கொண்டிருந்த ஆல்வினைப் பார்த்தார்.

"விட மாட்டேன்," என்றார். "விட்டா நீங்க சுட்டுடுவீங்க."

"எங்கிட்டத் துப்பாக்கியே இல்ல. பாருங்க கைய."

ஆல்வின் தண்ணீருக்குள் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். பாம்ஃப்ரெட் அதைப் பார்த்தாரா என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் குனிந்து நாயை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடுகளுக்கு முதுகைக் காட்டினார்.

டச்சஸின் நெற்றி அவர் இடுப்பில் மோதியது.

ஓடையைக் கடக்க ஆல்வினுக்கு எவ்வளவு நேரம் ஆனது? அரை நிமிடம் இருக்கலாம். ஒருமுறை வழுக்கி முழுகி எழுந்தான். ஒவ்வொரு முறை தலை நிமிர்த்தியபோதும் பழுப்பு முதுகுகள் வட்டமாக நெருங்கி நிற்பதும், நடுவில் சிவப்பாக ஏதோ புரளுவதும் தெரிந்தது. டச்சஸ் முழங்காலை மடக்கி நெற்றியால் அழுத்திக்கொண்டிருந்தாள். நாய் அடியில் கிடந்து அலறியது. மனிதரிடமிருந்து சத்தமே இல்லை.

கரையேறி, ஈரக்கோட்டைக் கழற்றி டச்சஸின் கண்ணில் வீசி அடித்தான். மூக்கில் கையால் குத்தினான். பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தன் கையால் தீனி வைத்த மாடு அவனை அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தது. அந்த இடைவெளியில் டாஃபி திமிறியது. தோல்வார் நடுவில் அறுந்தது. நாய் செந்நிறப் பந்துபோல உருண்டு, சுவர்ப்படியைத் தாவிக் கடந்து, திறந்து கிடந்த கதவு வழியாகப் புல்வயலுக்குள் புகுந்து மறைந்தது.

மாடுகள் அதன் பின்னால் ஓடின. சுவர்ப்படியருகில் நின்றன. மூச்சு வாங்கின. பிறகு டச்சஸ் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி நடந்து போய்க் கன்றை நக்க ஆரம்பித்தாள்.

இவ்வளவு சுலபம். முதலிலேயே விட்டிருந்தால் இவ்வளவுதான்.

பாம்ஃப்ரெட்டின் கண் திறந்திருந்தது. மூச்சு விடும்போது மார்பின் ஒரு பக்கம் மட்டும் எழும்பியது. வரைபட உறை கழுத்தைச் சுற்றி முறுக்கிக் கிடந்தது. ஆல்வின் அதை எடுத்துவிட்டான். தண்ணீர் புகாத உறையிலிருந்த போனை எடுத்து அவசர உதவியைக் கூப்பிட்டான்.

"வாத்தியாரே, ஹெலிகாப்டர் வருது. பேசாதீங்க."

பாம்ஃப்ரெட் பேசினார். ஆல்வின் காதைக் கிட்டக் கொண்டுபோனான்.

"அவுந்துடுச்சு... நானா விடல... சுடாதீங்க."

"சுட மாட்டேன். நான் அன்னைக்குச் சும்மா மிரட்டினேன் வாத்தியாரே. சும்மா."

அதைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. ஹெலிகாப்டர் இருபது நிமிடத்தில் வந்தது. தூக்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று மதியம் தகவல் வந்தது.

தகவலுக்கு முன்பே தெல்மா சுவர்ப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த அட்டை. சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"படி," என்றாள்.

சிவப்பு எழுத்துகளுக்குக் கீழே, நீல மையில், விடைத்தாள் திருத்திய அழகான கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது: 'முன்பு காளை. இப்போது கன்று. அதே மாணவர், அதே பொய். தேர்ச்சி இல்லை. — செ.பா.'

ஆல்வின் நாற்காலியில் உட்கார்ந்தான். உடையிலிருந்து ஓடைத் தண்ணீர் தரையில் சொட்டியது.

"போலீஸ் முற்றத்துக்கு வந்தாச்சு," என்றாள் தெல்மா, குரலைத் தாழ்த்தி. "எச்சரிக்கை வச்சியான்னுதான் முதல்ல கேப்பாங்க. மேல் பாதி இருந்தா நாம தப்பிச்சோம். கீழ் பாதிதான்... கத்தரிக்கோல் இருக்கு. மழைல கிழிஞ்சுதுன்னு சொல்லலாம். சுத்தி வழி திறந்து வச்சோம், எழுதி வச்சோம், கத்தினோம். இதுல எது பொய்? இன்னைக்கு நீ ஒரு பொய்யும் சொல்லல ஆல்வின்."

"இன்னைக்குச் சொல்லல," என்றான் அவன்.

கதவு தட்டப்பட்டது. ஹெதர் லோவ், அந்தப் பகுதிக் காவலர். பக்கத்துப் பள்ளத்தாக்கு விவசாயியின் மகள், மாடு என்றால் என்ன என்று தெரிந்தவள். தொப்பியைக் கழற்றினாள். தெல்மா தேநீர் ஊற்றினாள். கத்தரிக்கோல் மேஜைமேல் கிடந்தது.

"உங்க மேல தப்பு இருக்கிற மாதிரித் தெரியல ஆல்வின்," என்றாள் ஹெதர். "எழுதி ஏதாவது வச்சிருந்தீங்களா? அது இருந்தாப் போதும்."

ஆல்வின் அட்டையை அப்படியே, முழுதாக, அவள் பக்கம் தள்ளினான். தெல்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹெதர் படித்தாள். மேலே ஒரு தடவை, கீழே இரண்டு தடவை. "இது என்ன, காளை?"

அவன் சொன்னான். பலகை, தொலைநோக்கி, கவுன்சில் எல்லாம் சொன்னான். அவள் சுருக்கமாக எழுதிக்கொண்டாள். "பழைய கதை. இதுக்கும் அதுக்கும் நேரடியாச் சம்பந்தமில்லன்னுதான் சொல்வாங்க. ஒண்ணுதான் புரியல. இவ்வளவு நடந்தவர், நாய விட்டுடணும்னு தெரியாதா அவருக்கு? நிறையப் பேர் பண்ற தப்புதான், இருந்தாலும்..."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளே காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தலையை ஆட்டினால் போதும்.

"அவருக்குத் தெரியும்," என்றான் ஆல்வின். "நாய் அவுந்தா சுடுவேன்னு நான் சொல்லியிருந்தேன். அதனால விடல. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் விடாம இருந்தார்."

ஹெதரின் பேனா நின்றது. "இத நான் எழுதிக்கணுமா ஆல்வின்?"

"எழுதிக்கோ."

அவள் எழுதினாள். தெல்மா கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

டாஃபி புல்வயலை விட்டு வெளியே வரவில்லை. வளர்ந்த புல்லுக்குள் அது ஓடிய தடம் கோணல்மாணலாகத் தெரிந்தது. ஆல்வின் ஒரு கிண்ணத்தில் பன்றிக்கறியோடு போனான். நாய் அவனைப் பார்த்ததும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, பின்னுக்கு ஊர்ந்து, இன்னும் ஆழமாகப் போனது. கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினான். மாலையில் மாடுகளையெல்லாம் கொட்டகைக்கு ஓட்டி அடைத்தான். டச்சஸ் கன்றோடு சாதுவாக நடந்து வந்தாள்.

மறுநாள் காலை பாம்ஃப்ரெட்டின் மனைவி ஐரிஸ் வந்தாள். மெலிந்த, உயரமான பெண்மணி. கணவனின் பழைய மழைக்கோட்டைப் போட்டிருந்தாள். ஆல்வின் முற்றத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஹெதர் சொன்னா," என்றாள் ஐரிஸ். "நீங்களே வாயத் திறந்து சொன்னீங்களாம்."

"ஆமா மேடம்."

"சொல்லியிருக்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும். மத்த எடத்துல எல்லாம் டாஃபி அவுந்துதான் ஓடும். உங்க சுவர்ப்படி வந்ததும் கூப்பிட்டு, ரெண்டு சுத்து சுத்திக்குவார். ஒரு நாள் கேட்டேன், ஏன் இப்படி ரத்தம் கட்டற மாதிரின்னு. அந்தாள் கண்ணுக்கு முன்னால கை வழுக்கிடக் கூடாதுன்னார்."

ஆல்வின் தொப்பியைப் பைக்குள் திணித்துவிட்டு, நாய் ஒளிந்திருந்த புல்வயல் பக்கம் கையைக் காட்டினான்.

அவள் புல்வயல் கதவருகில் போய் நின்று, மெதுவாக ஒரு தடவை சீட்டி அடித்தாள். புல் அசைந்தது. டாஃபி வயிற்றால் தவழ்ந்து வந்து அவள் பூட்ஸ்மேல் முகத்தை வைத்துக்கொண்டது. கழுத்துப்பட்டியில் அறுந்த வார் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

"இப்படியே புல்லு வழியாப் போங்க மேடம்," என்றான் ஆல்வின். "கிட்ட வழி."

ஐரிஸ் பாம்ஃப்ரெட் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு லாங் ரிக் பக்கம் நடந்தாள். சுவர்ப்படியில் ஏறி, நாயை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, குனிந்து, அந்த அறுந்த வாரைக் கழுத்துப்பட்டியிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். டாஃபி ஒன்றும் புரியாமல் அவள் காலோடு ஒட்டி நின்றது.

"போ," என்றாள்.

நாய் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது. அவளை அல்ல, ஆல்வினை.

அவன் முற்றத்து நடுவில், இரண்டு கையும் வெறுங்கையாகத் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் பாதையின் கோட்டைவிட்டு ஓரடிகூட விலகாமல் மறுகோடிச் சுவரைத் தாண்டும்வரை அசையாமல் நின்றான்.